லூல்கந்துராவில் ஒரு கோப்பிச் செடி

கண்டியிலிருந்து தெல்தோட்டைப் பக்கமாக லூல்கந்துராவுக்கு ஏறும் சாலையில் வளைவுகளுக்குக் குறைவில்லை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட தோட்டம் இது. இலங்கையின் வணிகத் தேயிலை இங்குதான் தொடங்கியது. அவர் வாழ்ந்த மரவீட்டில் புகைபோக்கிதான் மிச்சம். அவர் அமர்ந்ததாகச் சொல்லப்படும் கல் இருக்கையில் வருகிறவர்கள் எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நானும்தான், இரண்டு அட்டைகள் காலில் ஏறியது அங்கேதான்.

என்னைப் பிடித்து நிறுத்தியது லயத்துக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, பின்னால் வேலியோரம் நின்ற ஒரு கோப்பிச் செடி. இலையின் மேற்புறத்தில் வெளிறிய மஞ்சள் புள்ளிகள். திருப்பினால் அடியில் செம்மஞ்சள் பொடி; தேய்த்தால் மஞ்சள்தூள் போல விரலில் ஒட்டுகிறது. இலைத்துரு. 1869இல் இலங்கையில் கண்டறிந்து ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்ட பூஞ்சை.

அந்தத் தூள்தான் பூஞ்சையின் வித்து. அது முளைக்க இலையில் ஈரம் வேண்டும். மலைநாட்டில் ஈரத்துக்கா பஞ்சம்? காட்டை அழித்து மலைக்கு மலை கோப்பி ஒன்றையே நட்டிருந்ததால், காற்று கொண்டுபோய் இறக்கிய இடமெல்லாம் கோப்பி இலை. 1880இல் ஹாரி மார்ஷல் வார்ட் என்ற தாவரவியலாளர் ஆராய வந்தார். பூஞ்சை எப்படி வாழ்கிறது என்பதை விளக்கிவிட்டார். தோட்டங்களைக் காப்பாற்ற முடியவில்லை. தோட்டங்களை நடத்திய வெள்ளைக்காரத் துரைமார், மலேரியா மருந்தான கொய்னா தரும் சிங்கோனா மரத்துக்குத் தாவி, பிறகு தேயிலைக்கு வந்தார்கள்.

கோப்பிக்குப் பருவம் உண்டு. மன்னார் வழியாக நடந்து வந்த தமிழர்கள், வழியில் சாகாமல் பிழைத்தால், பழம் பறித்துவிட்டு ஊர் திரும்பலாம். தேயிலை அப்படி விடாது. ஏழெட்டு நாளில் மறுபடி கொழுந்து வந்துவிடும். ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும், குறிப்பாகப் பெண்கள் வேண்டும். குடும்பங்கள் லயங்களில் நிலைத்தன. மலையக வரலாற்றில், ஆள் திரட்டி வேலை வாங்கிய கங்காணிக்கும் துரைக்கும் பக்கத்தில் இந்தப் பூஞ்சைக்கும் ஓர் இடம் கொடுக்கத்தான் வேண்டும்.

அதற்காகப் பழியை எல்லாம் அதன் தலையில் கட்ட நான் தயாரில்லை. ஒரே அறைக்குள் ஒரு குடும்பத்தை அடைத்தது பூஞ்சையல்ல. 1948இல் குடியுரிமைச் சட்டம் போட்டு லட்சக்கணக்கான மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியதும் மனிதர்கள்தான். 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த ஒப்பந்தத்தில் அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக இரு பிரதமர்கள் பேசி முடித்தார்கள். அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை கொடுக்க நீலகிரியில் 1968இல் அரசு தொடங்கிய தோட்டங்களிலும் தேயிலைதான்.