கருமணல் திருப்பித் தந்த மாங்கனீஸ்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் உள்ள கூலாயில், என் தாய்மாமா வீட்டில் நான் அமைத்த வடிகட்டியின் வெளிநீரில் மாங்கனீஸ் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கி, ஒன்பது நாள்களாக ஏறாமல் நிற்கிறது. இந்த நிலைக்கு வர ஐந்து மாதங்கள் ஆயின. இடையில் ஒரு கட்டத்தில், கிணற்று நீரில் இருந்ததைவிட வடிகட்டிய நீரில் மாங்கனீஸ் அதிகமாக இருந்தது. அதன் காரணத்தைக் கண்டுபிடிக்கத்தான் மிகவும் பாடுபட்டேன் என்பதால், அந்தப் பகுதியை விரிவாக எழுதுகிறேன்.

மாமா வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரில் லிட்டருக்கு இரும்பு 6 மில்லிகிராம், மாங்கனீஸ் 0.6 மில்லிகிராம்; அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 6.1. "வரும்போது கண்ணாடி மாதிரி வருதுப்பா, கொஞ்ச நேரத்துல தேத்தண்ணி ஆகிடுது" என்று மாமா சொல்வார். அந்த நிறம் இரும்பினால் வருவது. அதனால் துணி கெடும், குழாய் அடைக்கும். என் கவலையெல்லாம் மாங்கனீஸைப் பற்றியது. மாமாவின் பேத்தி புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தை. உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட குடிநீர் வழிகாட்டியில் மாங்கனீஸுக்கு 0.08 மில்லிகிராம் என்ற தற்காலிக வரம்பை வைத்தபோது, மனத்தில் கொண்டது புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளைத்தான். நீரைக் கொதிக்க வைத்தாலும் மாங்கனீஸ் போகாது. ஆகவே குழந்தைக்கு இன்றுவரை கடையில் வாங்கிய போத்தல் நீரையே பயன்படுத்துகிறார்கள்.

முதல் அமைப்பு எளிமையானது. துளையிட்ட மூன்று தட்டுகளின் வழியாக நீரைச் சொட்டவிட்டுக் காற்றூட்டி, அதை நேரே 6 அங்குல பிவிசி குழாய் ஒன்றில் இறக்கினேன். குழாயின் மேற்பகுதியில் பிஎச்சை உயர்த்தும் பவளச் சில்லு, கீழ்ப்பகுதியில் நீச்சல்குள வடிகட்டி மணல். மாங்கனீஸைப் படியவைக்கும் பாக்டீரியாக்களை மணலில் கலப்பதற்காக, மாமா வீட்டுப் பழைய குழாய்களின் உட்புறத்தில் படிந்திருந்த கரிய வழுவழுப்பைச் சுரண்டி எடுத்துக் கரைத்து ஊற்றினேன். ஏழு வாரங்களில் அடிமணல் கறுத்தது; வெளிநீர் மாங்கனீஸ் 0.15க்கு வந்தது. மணல்மணியின் மேல் மாங்கனீஸ் டையாக்சைடு ஒருமுறை படிந்துவிட்டால், அந்தப் பூச்சே நீரிலுள்ள மாங்கனீஸை ஈர்த்துப் பிடித்து மேலும் ஆக்சிஜனேற்றம் செய்யும் என்பதும், பூச்சில்லாமல் வெறும் காற்றைக்கொண்டு அதே வேலையைச் செய்ய பிஎச் 9க்கு மேல் போகவேண்டும் என்பதும் இத்துறையில் இறங்கியவர்களுக்குத் தெரிந்த செய்திதான். அந்தக் கறுப்பைக் கண்டு நான் அடைந்த மகிழ்ச்சி கொஞ்சமன்று.

பிறகு மாமாவின் மகளும் பேத்தியும் வந்து தங்கினார்கள். தண்ணீர்த் தேவை கூடியது. மாமா குழாயை முழுதாகத் திறந்துவிட்டார். இரண்டே வாரத்தில் வெளிநீர் மாங்கனீஸ் 0.9 ஆனது. உள்ளே வருவது 0.6, வெளியே போவது 0.9! சோதனைக் கருவியைச் சந்தேகித்துப் புதிய கருவி வாங்கினேன். அதுவும் அதையே காட்டியது. அதே நீரில் 1.2 மில்லிகிராம் இரும்பு கசிந்துகொண்டிருந்ததை நான் கவனித்திருந்தும், அது வேறு சிக்கல் என்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

கறுத்த மணலில் ஒரு போத்தல் அளவு சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் உள்ள எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குக் கொண்டுவந்து, சமையலறைப் பின்கட்டில் 2 அங்குலக் குழாயில் நிரப்பினேன். நம் வீட்டுக் குழாய்நீரில் குளோரமின் என்ற கிருமிநாசினி உண்டு; சோதனைக்கு முன் அதை நீக்கவேண்டும். அதற்கு மீன் வளர்ப்போர் வழக்கமாகச் சேர்க்கும் தயோசல்பேட்டை இங்கே பயன்படுத்தக் கூடாது, ஏனெனில் மிஞ்சிய தயோசல்பேட் மாங்கனீஸ் டையாக்சைடையே கரைத்துவிடும். அதனால் நீரைக் கரி வடிகட்டி வழியாக இருமுறை மெதுவாக இறக்கி, வெள்ளை வினிகர் விட்டு பிஎச்சை 6க்குக் கொண்டுவந்தேன். அந்த நீரை மட்டும் கருமணல் வழியாக விட்டபோது, வெளிவந்த மாங்கனீஸ் கருவியின் முதல் நிறக்கோட்டையும் எட்டவில்லை. அதே நீரில் செடிகளுக்கு இடும் இரும்பு சல்பேட்டை 2 மில்லிகிராம் இரும்பு இருக்கும் அளவுக்குக் கரைத்து விட்டதும், வெளிநீரில் 0.8 மில்லிகிராம் மாங்கனீஸ் வந்தது. உள்ளே விட்ட நீரில் மாங்கனீஸே இல்லை.

கரைந்த இரும்பு மணலின் கறுப்புப் பூச்சிலிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு தான் துருவாகிப் படிகிறது; பூச்சிலிருந்த மாங்கனீஸ் மீண்டும் கரைந்து வெளியேறுகிறது. கணக்குப்படி 2 மில்லிகிராம் இரும்பு ஏறத்தாழ 1 மில்லிகிராம் மாங்கனீஸை விடுவிக்கும். கூலாயில் கூடுதலாக வந்த 0.3 மில்லிகிராமுக்கு, கசிந்த இரும்பே தாராளமாகப் போதும். அன்று இரவு மாமாவை அழைத்து, "மாமா, மணல் கெடவில்லை, இரும்பு அதைத் தின்றுகொண்டிருக்கிறது" என்று சொன்னேன்.

இதற்கு ஒரே வழி, கருமணலைத் தொடுவதற்கு முன்பே இரும்பை முற்றிலும் அகற்றிவிடுவதுதான். ஆக்சிஜன் பற்றாக்குறை இல்லை. 6 மில்லிகிராம் இரும்புக்கு 1 மில்லிகிராம் ஆக்சிஜன்கூடத் தேவைப்படாது. குறைவாக இருந்தது பிஎச்சும் நேரமும். பிஎச் ஓர் அலகு உயர்ந்தால் இரும்பு ஆக்சிஜனேற்றம் சுமார் நூறு மடங்கு விரைவாகும். தட்டுகளை ஐந்தாக்கியதில் கரியமில வாயு வெளியேறி பிஎச் 6.6 ஆனது. அதன்பின் 200 லிட்டர் பீப்பாயில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தங்கவிட்டு, முதல் மணற்குழாயில் துருவைப் பிடித்து, அதற்குப் பிறகே பவளச் சில்லு வழியாக பிஎச்சை 7.4க்கு உயர்த்தி இரண்டாம் குழாயிலுள்ள கருமணலுக்கு அனுப்புகிறேன். பவளத்தை முன்னால் வைத்திருந்தபோது துரு அதன்மேல் ஓடுபோல மூடி, ஒரு மாதத்தில் அதைச் செயலற்றதாக்கியிருந்தது. ஓட்டத்தை மணிக்கு 85 லிட்டரில் கட்டுப்படுத்தியிருக்கிறேன். 6 அங்குலக் குழாயில் அது மணிக்கு 5 மீட்டருக்குச் சற்றுக் குறைவான வேகம். குழாயின் திருகை மாமா இனி நகர்த்த முடியாதபடி கம்பியால் கட்டியும் வைத்துவிட்டேன்.

பூச்சு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்க்க, மருந்துக்கடையில் கிடைக்கும் 3 விழுக்காட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு உதவியது; மாங்கனீஸ் டையாக்சைடு பட்டால் அது நுரைக்கும். மேலிருந்து எடுத்த பழுப்பு மணலில் ஒரு சொட்டு விட்டால் சோம்பலாகச் சில குமிழிகள் வரும். அடிமணலில் விட்டால் சோடா போல நுரைத்தது. நுரைக்கும் மணலை மட்டும் பிரித்தெடுத்து இரண்டாம் குழாயில் போட்டதால், இம்முறை ஏழு வாரம் காத்திருக்கவில்லை; பதினேழு நாள்களில் 0.05ஐ எட்டினேன். அந்தக் குழாயை பேக்வாஷ் (நீரை எதிர்த்திசையில் விட்டுக் கழுவுதல்) செய்யும்போது மென்மையாகச் செய்யவேண்டும். முதல் குழாயைப்போல அடித்துக் கழுவினால் கறுப்பு உதிர்ந்து போய்விடும்.

பவளச் சில்லை சிராங்கூன் நார்த் மீன்கடைகளில்தான் வாங்கினேன். ஒரு கடையில் பொடியாக அரைத்த சரக்கைக் கொடுத்துவிட்டார்கள். அது களிமண்ணைப்போல இறுகிக்கொண்டது. விரல்நகம் அளவுத் துண்டுகளையே கேட்டு வாங்கவேண்டும்.

இரண்டாம் குழாய்க்கு முன் சிறிதளவு குளோரின் சேர்த்தால் பூச்சு தொடர்ந்து புதுப்பிக்கப்படும், நுண்ணுயிர்க் கவலையும் குறையும். ஆனால் இப்போது உழைத்துக்கொண்டிருக்கும் பாக்டீரியாக்கள் மடியும். அந்தச் சோதனையை உட்லண்ட்ஸ் குழாயில் முதலில் செய்யப்போகிறேன். முதல் குழாயின் துருச்சேறு சேரும் தொட்டி இன்னும் கட்டி முடிக்கப்படவில்லை. மாமா தினமும் காலையில் நிறச்சோதனைப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். முப்பது நாள் தொடர்ந்து 0.05ஐத் தாண்டாமல் இருந்தால், ஒரு மாதிரியை ஆய்வகத்துக்குக் கொடுத்துச் சரிபார்ப்பேன். அந்த முடிவு வரும்வரை பேத்தியின் புட்டிக்குப் போத்தல் நீர்தான்.