கவுத்து வெச்ச தூக்குப்போசி

பையனுக்கு மாறுவேடப் போட்டியாம், அயர்ன் மேன் ஹெல்மெட் வேணுமாம். ஆன்லைன் விலையைப் பார்த்ததும் போனை மூடிவிட்டேன். ஈரோட்டில் 300 ரூபாய்க்கு ஒரு ஈவிஏ ஃபோம் மேட் (தரையில் விரிக்கும் மெத்தென்ற விரிப்பு) கிடைத்தது, அதிலேயே செய்துவிடலாம் என்று இறங்கிவிட்டேன்.

அவன் தலையில் பாலிதீன் கவர் சுற்றி, மேலே மாஸ்கிங் டேப் ஒட்டி, பேனாவால் கோடு போட்டு வெட்டினால் அளவு ரெடி. (மூக்கை மூடாமல்தான்!) அந்த அளவுக்கு ஃபோமை வெட்டி, துண்டுகளை ஒட்டுவதுதான் பெரும்பாடு. பசையை இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதத்துக்குக் காயவிட்டுச் சேர்க்கணும். சேர்ந்தால் சேர்ந்ததுதான். அவசரத்தில் தாடை கோணிக்கொண்டது.

ஃபோம் பெயின்ட்டைக் குடித்துவிடும் என்பதால் முதலில் ஃபெவிகால் மூன்று கோட். அப்புறம் சாம்பல் ஸ்ப்ரே ஒரே டப்பா. "சிவப்பு, தங்கம் எங்கம்மா?" என்றான். 1963-இல் முதன்முதலாக வந்தபோது அயர்ன் மேன் சாம்பல் நிறந்தான் கண்ணு என்றேன். நிசந்தான், பட்ஜெட்டுக்காகச் சொன்ன பொய் இல்லை.

அப்புச்சி பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, தூக்குப்போசியக் கவுத்து வெச்சாப்ல இருக்குது?" என்றார்.

நாளைக்குப் போட்டி. கண் ஓட்டை சின்னதாகிவிட்டது, கையைப் பிடித்துத்தான் மேடையேற்றணும்.