“பாத்துக்கோங்க அண்ணா”

“பாத்துக்கோங்க அண்ணா” என்றுதான் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. அவரும் “சரிங்க சார்” என்று தலையாட்டினார். மறுநாள் காலை, ஷிஃப்ட் தொடங்கும் முன்பே வந்து நின்றார். தன்னைப் பழையபடி எங்கள் தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடிக்கு, இலை வாட்டும் வேலைக்கே அனுப்பிவிடச் சொன்னார். “முழங்கால் வலி சார். ட்ரையர்கிட்ட நின்னுக்கிட்டே இருக்க முடியல.” முழங்கால் வலிக்காரர் மாடிப்படி ஏறுகிற வேலையைக் கேட்கிறாரே என்று அப்போதே உறைத்தது. இருந்தும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

புது ட்ரையர் வந்த வருடம் அது. இயந்திரம் விற்றவர்கள் ஆள் அனுப்பி இரண்டு நாள் வகுப்பு எடுத்தார்கள். திரையில் படம் ஓடியது, எல்லோருக்கும் அச்சடித்த தாள் கிடைத்தது. “புரிஞ்சுதா?” என்றதற்கு ஒரே குரலில் “புரிஞ்சுது.” மூன்றாவது வாரம் மழையில் கரன்ட் போனது. கோத்தகிரிப் பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ஜெனரேட்டர் எடுத்ததும், ஃபேன் ஓடும் முன்பே இலையை உள்ளே விட்டுவிட்டார்கள். இந்த வகை ட்ரையரில் கீழிருந்து வரும் சூடான காற்றுதான் தூளை மிதக்க வைத்துக் காய வைக்கிறது. காற்று இல்லாவிட்டால் தட்டின் மேல் படிந்து கருகும், தீப்பிடிக்கவும் கூடும். அன்று கருகியதோடு போனது.

யாரையும் திட்டவில்லை. வகுப்பில் எல்லோருக்கும் புரிந்தது உண்மைதான். மூன்று வாரத்தில் அது எங்கே போனது என்பதுதான் என்னைக் குடைந்தது. அதற்காகத்தான் படிக்க ஆரம்பித்தேன்.

1978இல் ஆலன் பேட்லி, லாங்மன் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு ஒன்று, பிரிட்டிஷ் தபால் ஊழியர்கள் தட்டச்சு பழகியதைப் பற்றியது. நாளைக்கு ஒரு மணி நேரம் மட்டும் பழகியவர்கள், நாளைக்கு 4 மணி நேரம் பழகியவர்களைவிட மொத்தத்தில் குறைந்த மணி நேரத்திலேயே விசைப்பலகையைக் கற்றுக்கொண்டார்கள். நாட்கள்தான் அதிகம் பிடித்தன. இன்னொன்று 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் செய்தது. படித்ததையே திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நின்றிருந்தது. எங்கள் இரண்டு நாள் வகுப்பின் கதையே இதில் இருந்தது.

மேனேஜரிடம் பேசி, தினமும் ஷிஃப்ட் தொடக்கத்தில் 15 நிமிடம் வாங்கினேன். தாள் கிடையாது. நான் ஒரு கேள்வி கேட்பேன், ஒருவர் சொல்ல வேண்டும். அடுத்த நாள் வேறொன்று, நான்கு நாள் கழித்துப் பழையதே மறுபடி. ஆரம்பத்தில் முணுமுணுப்புதான். “பள்ளிக்கூடம் வெச்சுட்டாங்க” என்றார்கள். நான் அசரவில்லை. தபால் ஊழியர்களிலும் ஒரு மணி நேரக்காரர்களுக்குத்தான் தங்கள் பயிற்சியில் திருப்தி குறைவாக இருந்ததாம். நன்றாகக் கற்கிறவனுக்கே தான் தேறவில்லை என்று தோன்றும் என்று எடுத்துக்கொண்டேன். அதனால் அவர்கள் முகச்சுளிப்பைப் பொருட்படுத்தாமல் இருக்க எனக்கு ஒரு காரணமும் கிடைத்துவிட்டது. மேல்மாடி கேட்டுப் போன அந்த அண்ணனின் முகத்தையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்திருக்கிறேன்.

அன்று அவரிடம் கேட்டது: “ஜெனரேட்டர் எடுத்ததும் மொதல்ல எதைத் தொடணும், அண்ணா?”

அவர் வாயைத் திறந்து மூடினார். வலது கை மட்டும் லேசாக மேலே எழுந்து நின்றது. பக்கத்தில் நின்ற பையன், 22 வயது, “ஃபேன் சார், அப்புறம் சூடு பாத்துட்டு இலை” என்று சொல்லிவிட்டான். “கரெக்ட். பாத்துக்கோங்க அண்ணா” என்றேன்.

அந்தப் பையன் அவருடைய அக்கா மகன். அவர்தான் இரண்டு வருடம் முன்பு அவனைக் கூட்டிவந்து, “நம்ம பையன் சார், நான் பாத்துக்கறேன்” என்று வேலைக்குச் சேர்த்துவிட்டவர்.

கேட்டது தவறு என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது. இரவு ஷிஃப்டில் கரன்ட் போனால் நான் அங்கே இருக்க மாட்டேன், தாளைத் தேட நேரமும் இருக்காது. அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தே ஆக வேண்டும். அந்த சீசன் முழுவதும் ஒரு தட்டுகூடக் கருகவில்லை. அதை நான் எழுதி வைத்திருக்கிறேன்.

ஆனால் அந்தக் கை ஏன் எழுந்தது? பேனலில் ஃபேன் சுவிட்ச் வலது மேல்மூலையில் இருக்கிறது. அவர் விடையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாரோ? கையில் வர வேண்டிய வேலையை நான் வாயால் கேட்டேன். பேனல் முன்னால் நிறுத்தி “செஞ்சு காட்டுங்க” என்றிருந்தால், பையனுக்கு முன் அவர் கை போயிருக்கலாம். 30 வருடம் ஒரு பிடி இலையை அழுத்திப் பார்த்தே பதம் சொன்னவர். அழுத்திவிட்டால் உருண்டை எப்படிப் பிரிகிறது, விரலில் எவ்வளவு பசை ஒட்டுகிறது என்பதை வைத்தே, இன்னும் எத்தனை மணி நேரம் காற்று விட வேண்டும் என்று சொல்வார். அதை அவர் வாக்கியமாகக் கற்கவில்லை.

அவர் கை சுவிட்சுக்குப் போகாமலும் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது. அவருக்கு உண்மையிலேயே மறந்துபோயிருந்தால்? அப்படியென்றால் நான் கேட்டதால்தானே வெளியே தெரிந்தது?

இப்போது அந்த ஆய்வுகளை நினைத்தால் வேறொன்று கண்ணில் படுகிறது. 2006 ஆய்வில் இருந்தவர்கள் கல்லூரி மாணவர்கள். தாளில் எழுதினார்கள், மறந்தது பக்கத்தில் இருந்தவனுக்குத் தெரியாது. மறதியை முதலில் அளந்த எபிங்ஹாஸ், 1885இல் வெளியிட்ட முடிவுகளுக்குத் தன்னையே சோதித்துக்கொண்டார். அவர் மறந்தது அவர் ஒருவருக்குத்தான் தெரிந்தது. தடுமாறத் தடுமாறத்தான் பாடம் ஊன்றும் என்று நான் நம்புகிறேன். 57 வயதில் அக்கா மகன் பார்க்கத் தடுமாறுவதற்கு என்ன விலை என்று நான் படித்த எதிலும் இல்லை.

அதன்பிறகு பேனல் முன்னால் ஒவ்வொருவராகச் செய்யவைக்கிறேன், அதுவும் தனியாக. நேரம் அதிகம் பிடிக்கிறது. அது மட்டுமில்லை, ஒருவர் தவறுவதைப் பார்த்து மற்றவர் கற்பது குறைந்துவிட்டது. பழைய முறையில் இளையவர்கள் வேகமாகத் தேறினார்கள் என்பதும் நிஜம். யாருக்காக மாற்றினேனோ அவர் கீழே இறங்கி வரவுமில்லை.

அடுத்த மாதம் தூளை நிறம் பார்த்துப் பிரிக்கும் இயந்திரம் வருகிறது. மேல்மாடிக்குப் போய் அவரைக் கேட்டேன், பழகிக்கொள்ள வருகிறீர்களா என்று. நான்கு பேரில் ஒருவராக அவர் பெயரையும் எழுதலாம் என்றிருந்தேன்.

“பாக்கலாம் சார்” என்றார்.

சொல்லிவிட்டுத் தொட்டிக்குள் கைவிட்டு ஒரு பிடி இலையை எடுத்து அழுத்தினார். விரல்களைத் திறந்து அது பிரிவதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதுவும் கேட்காமல் நின்றேன்.