ஸ்பானின் முதல் பதினொரு இதழ்கள்

பதின்வயதில் நான் ஸ்பான் காமிக்ஸைப் படித்தேன் என்று சொல்வதைவிடப் பார்த்தேன் என்று சொல்வதே பொருந்தும். சிவப்பு மேலங்கி பக்கத்தின் விளிம்புவரை வழிந்து ஓடுவதையும், சங்கிலிகள் கட்டங்களை உடைத்துக்கொண்டு வெளியே பாய்வதையும் வெறித்துப் பார்த்துவிட்டு, எழுத்து நிரம்பிய பெட்டிகளைத் தாண்டி அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். சென்ற வாரம் மூன்று இரவுகளில், முதல் பதினொரு இதழ்களை ஒரு சொல்லும் விடாமல் படித்தேன். இத்தனை ஆண்டுகளாகப் பழிவாங்கும் கதை என்று நான் நினைத்திருந்தது, படிக்கப்படாமல் ஒப்புக்கொள்ளப்பட்ட ஓர் ஒப்பந்தத்தின் கதை என்பது அப்போதுதான் விளங்கியது.

கதைச் சுருக்கம் பலருக்கும் தெரிந்ததே. சி.ஐ.ஏ.வுக்காகக் கொலைகள் செய்த அல் சிம்மன்ஸ், தன் பக்கத்து ஆட்களாலேயே கொல்லப்பட்டு நரகத்துக்குப் போகிறான். மனைவி வாண்டாவை ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்பதற்காக, மாலெபோல்ஜியா என்ற நரகத் தலைவனிடம் தன்னையே ஒப்புக்கொடுக்கிறான். கேட்டது கிடைக்கிறது, ஆனால் அவன் கேட்க மறந்தவற்றில்தான் சூது இருக்கிறது. எப்போது திரும்புவது என்று அவன் கேட்கவில்லை. ஐந்து ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. எந்த உடம்போடு திரும்புவது என்றும் கேட்கவில்லை. வெந்து கருகிய தசையோடு, ஸ்பானாக, நியூயார்க் சந்து ஒன்றில் வந்து விழுகிறான். வாண்டாவோ அவனுடைய உற்ற நண்பன் டெர்ரியை மணந்து, சையன் என்ற பெண் குழந்தையோடு நிம்மதியாக வாழ்கிறாள்.

என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது ஒரு சிறிய நிகழ்ச்சி. தன் பழைய தோற்றத்தில் மனைவியைப் பார்க்க விரும்பும் ஸ்பான், தனக்குக் கிடைத்த சக்தியைச் செலவழித்து மனித உருவம் எடுக்கிறான். அல் சிம்மன்ஸ் கறுப்பினத்தவன். ஆனால் அவனுக்கு வாய்க்கும் முகமோ, பொன்னிற முடி கொண்ட ஒரு வெள்ளையனின் முகம். அந்த அந்நிய முகத்தோடுதான் அவன் வாண்டாவின் எதிரில் போய் நிற்கிறான். தங்களுக்குக் குழந்தை இல்லாமல் போனதற்குக் குறை தன்னிடமே இருந்தது என்பதும் சையனைப் பார்த்த பிறகே அவனுக்கு உறைக்கிறது. அடிதடியே இல்லாத இந்தப் பக்கங்களைச் சிறுவயதில் சலிப்போடு புரட்டியிருப்பேன். இப்போது அந்தப் பதினொரு இதழ்களிலும் இதற்கு ஈடான இடம் வேறில்லை என்றே படுகிறது.

அந்தச் சக்திக்கும் ஒரு கணக்கு உண்டு. 9:9:9:9 என்று தொடங்கும் எண்ணி (கவுண்டர்) ஒன்று, அவன் மந்திரத்தைப் பயன்படுத்தும்போதெல்லாம் குறைந்துகொண்டே வருகிறது. பூஜ்யத்தைத் தொட்டால் அவன் மீண்டும் நரகத்துக்குத்தான். எல்லாம் வல்ல நாயகனைக் கைக்காசை எண்ணி எண்ணிச் செலவு செய்யும் மனிதனாக மாற்றிவிடும் இந்த உத்தி, எனக்குத் தெரிந்து அக்காலத்து சூப்பர்ஹீரோ காமிக்ஸில் மிகச் சிறந்த கற்பனைகளுள் ஒன்று. முகம் மாற்றும் காட்சியில் அந்த எண் குறைவதைக் காணும்போது, மனைவியைப் பார்ப்பதற்குக்கூட விலை கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று மனம் கனக்கிறது. தொடர் நீள நீள எண்ணி பின்னுக்குப் போய்விட்டது ஒரு குறைதான்.

ஒப்பந்தம் இந்தக் கதைக்குள் இத்தனை ஆழமாக ஊறியிருப்பது தற்செயல் அல்ல. ஸ்பானை உருவாக்கிய டாட் மெக்ஃபார்லேன், அதற்கு முன் மார்வெல் காமிக்ஸ் நிறுவனத்தில் ஸ்பைடர்மேனை வரைந்து பெரும் புகழ் பெற்றவர்; 1990இல் அவர் எழுதி வரைந்த ஸ்பைடர்மேன் முதல் இதழ் இருபது லட்சத்துக்கும் மேல் விற்றது. ஆனால் அங்கே உருவாக்கப்படும் பாத்திரம் எதுவும் உருவாக்கியவருக்குச் சொந்தமாகாது. பக்கக் கூலியும் விற்பனையில் ஒரு பங்கும் கிடைக்கும், அவ்வளவுதான். ஜிம் லீ, ராப் லைஃபெல்ட், எரிக் லார்சன், மார்க் சில்வெஸ்ட்ரி, ஜிம் வாலண்டினோ, வில்ஸ் போர்ட்டாசியோ ஆகிய ஓவியர்களும் அவரும் சேர்ந்து 1992இல் இமேஜ் காமிக்ஸைத் தொடங்கினார்கள். படைத்தவனுக்கே படைப்பு சொந்தம் என்பது அதன் அடிப்படை விதி. அதே ஆண்டு மே மாதத் தேதியிட்டு, 1.95 டாலர் விலையில் வந்த ஸ்பான் முதல் இதழ் ஏறத்தாழ 17 லட்சம் பிரதிகள் விற்றது. ஒரே இதழைப் பத்துப் பிரதியாக வாங்கிப் பெட்டிக்குள் பூட்டி வைத்தவர்களின் காலம் அது என்பதால், அந்த எண்ணிக்கையை வாசகர்களின் எண்ணிக்கையாகக் கொள்வதற்கில்லை.

எழுத்தாளராக மெக்ஃபார்லேன் அப்போது தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்தார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. படம் தெளிவாகச் சொல்லிவிட்டதையே பெட்டி வாசகம் இன்னொரு முறை சொல்கிறது. செய்தி வாசிப்பவர், கிசுகிசு பேசும் பெண், எதற்கெடுத்தாலும் கொதிக்கும் கருத்தாளர் என மூன்று தொலைக்காட்சி முகங்கள் அடிக்கடி வந்து கதையை நிறுத்தி வைக்கின்றன. இந்த உத்தி எங்கிருந்து வந்தது என்பது எண்பதுகளின் பேட்மேன் கதைகளைப் படித்தவர்களுக்குச் சொல்லாமலே புரியும். ஆறாம் ஏழாம் இதழ்களில் வரும் இயந்திர மனிதன் ஓவர்ட்கில்லைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஆனால் ஸ்டீவ் ஆலிஃபின் ஒலியாப்டிக்ஸ் குழு கணினியில் தீட்டிய வண்ணங்கள் இன்றும் கண்ணைக் கட்டிப்போடுகின்றன. இருண்ட சந்தில் அந்த மேலங்கியின் சிவப்பு மட்டும் தணலாக எரிகிறது.

எட்டாம் இதழிலிருந்து விருந்தினராக வேறு எழுத்தாளர்கள் வருகிறார்கள்: ஆலன் மூர், நீல் கெய்மன், டேவ் சிம், ஃபிராங்க் மில்லர் என ஆளுக்கோர் இதழ். ஐந்தாம் இதழில் ஸ்பான் கொன்ற பில்லி கின்கெய்ட் என்ற குழந்தைக் கொலையாளியின் பின்னாலேயே நரகத்துக்குப் போகிறார் மூர். எழுத்து என்ற அளவில் பதினொன்றிலும் இதுவே முதலிடம் பெறும். நான் இரண்டு முறை படித்ததோ டேவ் சிம் எழுதிய பத்தாம் இதழை. ஸ்பான் ஒரு சிறைக்கூடத்துக்குள் வந்து நிற்கிறான். இருபுறமும் கம்பிகள், கம்பிகளுக்கு இடையே நமக்கு மிகவும் பழக்கமான சூப்பர்ஹீரோக்களின் கைகள் நீண்டு கெஞ்சுகின்றன. முகங்கள் தெரிவதில்லை, கையுறையைப் பார்த்தே யார் யார் என்று கண்டுகொள்கிறோம். இன்னொரு பக்கம், முகத்தை மூடிய மனிதர்கள்: அந்த நாயகர்களை உருவாக்கி, விற்று, இழந்தவர்கள். 1938இல் சூப்பர்மேனைப் படைத்த சீகலும் ஷஸ்டரும் அவனுடைய உரிமையை 130 டாலருக்கு எழுதிக்கொடுத்த கதையை அறிந்தவர்களால் அந்தப் பக்கத்தை அவ்வளவு எளிதில் புரட்ட முடியாது. உரிமைச் சிக்கலைப் பற்றிய இந்த இதழே தொகுப்பு நூல்களில் நீண்ட காலம் விடுபட்டிருந்தது வேறு கதை.

அதற்கு முந்தைய இதழுக்குப் பின்னால் வழக்கே இருக்கிறது. கெய்மன் எழுதிய ஒன்பதாம் இதழ்தான் ஏஞ்சலா என்ற வேட்டைக்கார தேவதை, மத்திய காலத்தைச் சேர்ந்த ஒரு ஸ்பான், சந்தில் வாழும் முதியவர் கோலியோஸ்ட்ரோ ஆகிய மூவரையும் கொண்டுவந்தது. அந்த எழுத்துக்கு அவருக்கு ஒரு லட்சம் டாலர் கொடுக்கப்பட்டது. ஆனால் பாத்திரங்கள் யாருக்குச் சொந்தம் என்பது எழுத்து மூலம் முடிவு செய்யப்படவில்லை. பெரிய நிறுவனங்களைவிட நன்றாக நடத்துவேன் என்ற மெக்ஃபார்லேனின் வாய்ச்சொல் மட்டுமே இருந்தது. 2002இல் நடுவர் குழு கெய்மனுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2004இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2012இல்தான் இருவரும் சமரசமானார்கள். மறு ஆண்டே ஏஞ்சலா மார்வெலின் கதைகளுக்குள் போய்ச் சேர்ந்தாள். மெக்ஃபார்லேன் எந்தக் கதவைச் சாத்திவிட்டு வந்தாரோ அதே கதவு வழியாக அவருடைய இதழில் பிறந்த பாத்திரம் உள்ளே போனது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு ஒன்பதுக்கு அடுத்துப் பத்தைப் படிக்கையில், முகமூடி அணிந்த அந்தக் கூட்டத்தில் இன்னும் ஓர் ஆளுக்கு இடம் விட்டிருக்கலாமே என்று தோன்றியது.

மில்லரின் பதினொன்று தெருச் சண்டைக் கதை. விறுவிறுப்பாகப் போகிறது, அதற்குமேல் எதுவும் தங்கவில்லை. பதினொன்றோடு நிறுத்துவதாகத்தான் இருந்தேன், ஆனால் கை பன்னிரண்டை எடுத்துவிட்டது. தன்னைக் கொன்றவன் யார் என்று ஸ்பானுக்கு நினைவு வருவது அதில்தான். அவன் பெயர் சேப்பல்; லைஃபெல்டின் யங்பிளட் காமிக்ஸில் வரும் குழுவைச் சேர்ந்தவன், ஆகவே லைஃபெல்டுக்குச் சொந்தமானவன். 1996இல் லைஃபெல்ட் இமேஜை விட்டு வெளியேறினார். அடுத்த ஆண்டு வந்த ஸ்பான் திரைப்படத்தில் அல் சிம்மன்ஸைக் கொல்பவள் ஜெசிக்கா பிரீஸ்ட் என்ற பெண். பின்னர் காமிக்ஸிலும் கொலைப்பழி அவள் பெயருக்கே மாற்றி எழுதப்பட்டது. என் கையில் இருக்கும் பழைய பிரதியில் மட்டும் இன்னும் சேப்பல்தான் துப்பாக்கியோடு நிற்கிறான்.