ஆதி தாளத்துக்குள் கியூபாவின் 'சொன்'

கிழக்குக் கியூபாவில் பிறந்த 'சொன்' ஆட்டத்துக்கு உயிர், கிளாவே என்ற ஐந்து தட்டுத் தாளக்கட்டு. யாழ்ப்பாணத்தில் எட்டு எண்ணிக்கை ஆதி தாளம் போடப் பழகிய பிள்ளைக்கு இது கைக்கெட்டின தூரம்தான். முதல் தட்டு 1இல்; இரண்டாவது, சின்னி விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில்; மூன்றாவது, நடுவிரலில். பிறகு 6இல் கை வீசும்போது ஒன்று, 7இல் ஒன்று. மூன்றாவது தட்டு அரை எண்ணிக்கை பிந்தினால் அது ரும்பா கிளாவே, வேறு சங்கதி.

காலுக்கு 2, 3, 4இல் அடி; 5இல் நிறுத்தம். பிறகு 6, 7, 8இல் அடி; 1இல் நிறுத்தம். சறுக்குவது இங்கேதான். சமத்தில், அதாவது தாளத்தின் முதல் எண்ணிக்கையில், இறங்கிப் பழகிய கால் 1இல் தானாக விழும். கீழ்ச்சுரம் வாசிக்கும் பாஸ் வாத்தியமும் கைகொடுக்காது: அது பெரும்பாலும் 1ஐ விட்டுவிட்டு, இரண்டரையிலும் 4இலும் ஒலிக்கும். மராக்காஸ் என்ற கிலுகிலுப்பைகள் அரை எண்ணிக்கைகளைச் சீராகக் குலுக்கும். முதலில் அதைப் பிடியுங்கள்.

இந்தத் தாளத்தைத் தட்டும் கிளாவேக் கட்டைகள் இரண்டுக்கும் வன்னிப் பாலை போல வைரம் பாய்ந்த மரம் வேண்டும். அடி வாங்கும் கீழ்க்கட்டையை இறுக்கிப் பிடித்தால் ஒலி செத்துவிடும். உள்ளங்கையைக் குழித்து, விரல் நுனிகளில் கிடத்துங்கள். அந்தக் குழிவுதான் ஒலியைத் திறக்கிறது.