தலைகீழாக உறங்கும் கிளி

இலையெல்லாம் உதிர்ந்து செந்நிறப் பூக்கள் மட்டுமே நின்ற ஒரு முள்முருக்கு மரத்தடியில், வால்பாறைப் பக்கத்துக் காப்பித் தோட்டமொன்றின் ஓரமாக, பிப்ரவரி மாதக் காலைப்பொழுது ஒன்றைக் கழித்தேன். மைனாக்களும் கரிச்சான்களும் தேன்சிட்டுகளும் பூக்களுக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்த வேளையில், தலைக்கு மேலே 'சீ-சீ-சீ' என்ற கூர்மையான ஒலி கடந்து சென்று மரத்தின் உச்சியில் அடங்கியது. அடர்ந்த இலைகள் உள்ள மரமாக இருந்திருந்தால் அத்துடன் கதை முடிந்திருக்கும். இந்தப் பறவையைப் பலமுறை காதால் மட்டுமே சந்தித்துத் திரும்பியிருக்கிறேன்.

தொங்கும் கிளி என்று அழைக்கப்படும் இதன் நீளம் சுமார் 14 சென்டிமீட்டர், அதாவது சிட்டுக்குருவியைவிடச் சற்றுக் குறைவு. எடை ஏறத்தாழ 30 கிராம். ஊர்ப்புறக் கிளிகளுக்குள்ள நீண்ட வால் இதற்கு இல்லை. இருக்கும் குட்டை வாலையும் முதுகின் அடிப்பகுதியிலுள்ள செந்நிற இறகுகள் பெரும்பாலும் மூடிவிடுகின்றன. ஆணின் தொண்டையில் மட்டும் நீலத் திட்டு ஒன்று உண்டு. சங்கப் பாடல்களில் தினைப்புனம் காக்கும் பெண்கள் தழல், தட்டை என்னும் கிளியோட்டும் கருவிகளைக் கொண்டு ஓட்டிய கிளிகள் இவையாக இருந்திருக்க முடியாது என்றே எண்ணுகிறேன், ஏனெனில் தினைக்கதிரைவிடப் பூந்தேனிலும் அத்திப்பழத்திலும் மனம் வைக்கும் பறவை இது. பழைய பறவை நூல்கள் இதை 'லோரிகீட்' என்று குறிப்பிட்டது பொருத்தமில்லாத பெயர்; உண்மையான லோரிகீட்டுகள் ஆஸ்திரேலியா, நியூகினி பக்கத்தவை, நாக்கின் நுனியில் தூரிகை போன்ற அமைப்புள்ளவை.

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளிலும், வடகிழக்கு இந்தியாவிலும், அந்தமானிலும், அங்கிருந்து தென்கிழக்கு ஆசியா வரையிலும் இது வாழ்கிறது. இலங்கையில் இருப்பது உச்சந்தலை சிவந்த தனி இனம்.

அன்று அந்தக் கிளி பூங்கொத்தின் அடியில் தலைகீழாகத் தொங்கியபடி ஒவ்வொரு பூவாக அலகை நுழைத்துத் தேனருந்தியது; பூவிலிருந்து பூவுக்கு நகரும்போதும் அலகால் கிளையைப் பற்றிக்கொண்டு, மூன்றாவது கால் ஒன்று இருப்பதைப் போல ஏறியது. தென்னையில் கட்டிய கள்ளுக் கலயத்திலும் வாய் வைத்து மயங்கிக் கிடக்கும் என்று பறவையியலாளர்கள் எழுதியிருக்கிறார்கள். உறங்குவதும் தலைகீழாகவே: கிளையைக் காலால் பற்றி, வௌவாலைப் போலத் தொங்கி இரவைக் கழிக்கும். பசிய இலைகளுக்கிடையே இன்னொரு இலையாகத் தொங்குவது அதைக் கண்ணுக்குத் தப்ப வைக்கிறது.

ஆனால் என்னை மிகவும் ஈர்ப்பது கூடு அமைக்கும் முறைதான். மரப்பொந்தில் முட்டையிடும் இந்தக் கிளியின் பெண், இலையின் ஓரத்தை அலகால் கீற்றாக நறுக்கி, அதை வாயில் கொண்டு செல்லாமல், முதுகடியிலுள்ள சிவப்பு இறகுகளுக்குள் செருகிக்கொண்டு பொந்துக்குப் பறக்கிறது. இதன் நெருங்கிய உறவினரான ஆப்பிரிக்கக் காதல் கிளிகளில் சில இனங்களுக்கும் இப்பழக்கம் உண்டு. இறகில் செருகும் இனத்தையும் அலகில் சுமக்கும் இனத்தையும் கலப்பினமாக்கிப் பார்த்த அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் டில்கர், 1962-இல் வெளியிட்ட கட்டுரையில் அதன் விளைவை விவரித்தார். கலப்பினக் குஞ்சுகள் வளர்ந்து கீற்றை இறகில் செருக முயன்றன, ஆனால் செருகியதை அலகிலிருந்து விடத் தெரியவில்லை, அல்லது தவறான இடத்தில் செருகி நழுவவிட்டன. மூன்றாண்டுப் பழக்கத்துக்குப் பின் அலகிலேயே சுமக்கக் கற்றுக்கொண்ட பிறகும், புறப்படுமுன் முதுகுப் பக்கமாகத் தலையைத் திருப்பும் அசைவு மட்டும் அவற்றைவிட்டு முற்றிலும் போகவில்லை.

முள்முருக்கில் இருந்த கிளிகளில் ஒன்று, தொண்டையில் நீலமில்லாதது, சற்று நேரத்தில் பக்கத்துப் பலாமரத்துக்குத் தாவியது. தொலைநோக்கியில் பார்த்தபோது அதன் சிவந்த முதுகடியில் பச்சை நூல் போன்ற ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. பறந்து சென்றபோது அது நழுவிக் காப்பிச் செடிகளுக்கிடையே விழுந்தது. கிளி திரும்பிப் பார்க்கவில்லை.