டிரம் தண்ணீர்

ராணிப்பேட்டைப் பக்கம் பூட்டிக் கிடந்த ஒரு பழைய கிடங்கு. தோல் ஷெட்டுகளுக்காக ஒரு காலத்தில் டைகுரோமேட் என்ற குரோமிய உப்பு மூட்டைகளை அடுக்கி வைத்திருந்த இடம். சிந்திய ரசாயனம் மண்ணில் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று பார்க்க எட்டு இடத்தில் துளை போட்டு மண் எடுக்க வேண்டும். ஜியாலஜி முடித்த எனக்கு அதுதான் முதல் ஃபீல்டு வேலை.

கிணற்று போர் வண்டி இதற்கு ஆகாது. காற்றை அடித்து ஊதும்போது மேல் மண்ணும் கீழ் மண்ணும் தூளாகக் கலந்து வெளியே வரும். கட்டடத்துக்கு மண் பரிசோதனை செய்ய வருவார்களே, முக்காலி, வின்ச், 63.5 கிலோ சுத்தியல், அந்தக் குழுதான் வந்தது. சுத்தியல் 75 செ.மீ. உயரத்திலிருந்து விழ விழ, நெடுக்காக இரண்டாகப் பிரியும் குழாய் 45 செ.மீ. இறங்கும். கட்டடக்காரர்களுக்கு எத்தனை அடி விழுந்தது என்ற கணக்கு வேண்டும். எங்களுக்குக் குழாய்க்குள் இருக்கும் மண் வேண்டும்.

மூன்றாவது துளையில், இரண்டு மீட்டரில் எடுத்த குழாயைப் பிரித்தபோது சாம்பல் நிறக் களிமண்ணுக்கு நடுவே நகக்கண் அகலத்துக்கு எலுமிச்சை மஞ்சள் கோடு. ஹெக்ஸாவேலன்ட் குரோமியம், டைகுரோமேட்டில் இருக்கும் அதே விஷ வகை. எல்லாரும் ஒரு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். கையுறை மாற்றி, கண்ணாடி ஜாடியில் அடைத்து, துளை எண், ஆழம், நேரம் எழுதி ஐஸ் பெட்டியில் வைத்தேன்.

ஒவ்வொரு முறையும் குழாயை சோப்புத் தண்ணீரில் தேய்த்து, அலசி, கடைசியாக டிஸ்டில்டு வாட்டர் விட வேண்டும். "மண்ணு அள்றதுக்கு இம்மாங் குளியலா தம்பி?" என்று மேஸ்திரி சிரித்தார். மரைக்கு கிரீஸ் தடவக்கூடாது என்றதும் சிரிப்பு நின்றது.

கோட்டை விட்டது நான்தான். கடைசி நாள் டிஸ்டில்டு வாட்டர் தீர்ந்துபோக, டிரம் தண்ணீரிலேயே அலசி முடித்தேன். குழாய் சுத்தமா என்று சோதிக்க, அதற்கென்றே சீல் பிரிக்காமல் ஒதுக்கி வைத்திருந்த ஒரே டிஸ்டில்டு வாட்டர் கேனை அதன் மேல் ஊற்றிப் பாட்டிலில் பிடித்து லேபுக்கு அனுப்பினேன். அதில் குரோமியம் இருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கிடங்குக்கு மேட்டுப் பக்கம் போட்ட துளையிலும் ஹெக்ஸாவேலன்ட் வந்திருந்தது. பாறையிலிருந்தே மண்ணுக்குக் கொஞ்சம் குரோமியம் வரும், சரி. ஆனால் இந்த வகை அங்கே வர வேலையே இல்லை.

அப்புறம்தான் டிரம் ஞாபகம் வந்தது. பக்கத்துக் கிணற்றில் பிடித்த தண்ணீர், பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தது. சோதித்தால், குடிநீருக்கான வரம்பான லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. துளை சரியாமல் இருக்க பென்டோனைட் என்ற களிமண்ணைக் கரைத்து ஊற்றியதும் அதே தண்ணீரில்தான். அழுக்கைத் தேடிப்போன நாங்களே அதை எடுத்துப்போய் உள்ளே ஊற்றியிருக்கிறோம்!

மேட்டுப் பக்கத் துளையோடு சேர்த்து நான்கை மறுபடி போட்டோம். இந்த முறை தண்ணீரே விடாமல், துளைச் சுவரைத் தாங்க கேசிங் குழாய் இறக்கி, மெதுவாக. ஒரு நாள் வேலை மூன்று நாளானது. செலவைப் பற்றி ஆபீஸில் வாங்கியதை இங்கே எழுதவில்லை. முடிந்த துளைகளை அப்படியே விட்டால் மேலே உள்ள விஷம் நேராக நிலத்தடி நீருக்கு இறங்கும் என்பதால், சிமென்ட்டும் பென்டோனைட்டும் குழைத்து, குழாய் வழியாக அடியிலிருந்து மேல்வரை நிரப்பினோம். அந்தக் குழைவுக்கு மட்டும் தண்ணீர் லாரி வந்தது.

லாரி நிற்பதற்குள் மேஸ்திரி டிரைவரிடம் போய்க் கேட்டார்: "தண்ணி எந்த ஊர்லப்பா புடிச்ச?"